பதினாலாம் நாள் எல்லோருக்கும் பொருந்தாது: கருமுட்டை வெளிவரும் நாளைக் கண்டறியத் தொடங்குவோருக்கு

மாதவிடாய் வந்தால் பதினாலாம் நாள் முட்டை வெளிவரும் என்ற கணக்கைப் பாடசாலையிலேயே படித்துவிடுகிறோம். அது 28 நாள் சுற்றுக்கு எழுதப்பட்ட சராசரி. 24 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்குப் பதினாலாம் நாளில் முட்டை வெளிவந்து அழிந்தும் போயிருக்கும். 35 நாள் சுற்று உள்ளவருக்கு அது வெளிவர இன்னும் ஒரு கிழமை இருக்கும். வேறு சிலர் இரத்தம் நின்ற நாளிலிருந்து பதினாலை எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் நாலைந்து நாள் பிந்திவிடும், பிந்தினால் அந்த மாதம் கைவிட்டுப் போகும்.

2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் முழுவதும் சுற்றின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் உள்ளேயே அமைந்த பெண்கள் ஏறக்குறைய 30 வீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு முந்தியது அல்லது பிந்தியது. ஆகவே உங்கள் நாளை உங்கள் உடம்பிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கொப்பி, ஒரு பேனை, கொஞ்சம் கவனம் போதும். வசதி இருந்தால் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் தெர்மோமீற்றரும் சேரும்.

உள்ளே நடப்பது

சுற்றின் முதல் பாதியில் சூலகத்தில் ஒரு முட்டைப் பை வளர்ந்து ஈஸ்திரஜன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அது உச்சத்தைத் தொட்டதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி எல்.எச். என்ற ஓமோனை ஒரேயடியாகக் கூட்டி விடுகிறது. அந்த ஏற்றம் தொடங்கி 24 முதல் 36 மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்த பை வெடித்து முட்டை வெளிவரும். வெடித்த பை அதன்பின் புரொஜெஸ்தரோனைச் சுரக்கும். உடம்புச் சூடு சற்றுக் கூடுவது இதனால்தான்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பிறப்புறுப்பில் வழுவழுப்பான திரவம் இருக்கும் நாட்களில் 5 நாள் வரை காத்திருக்கும். எனவே கருத்தரிக்கக்கூடிய நாட்கள் மொத்தம் ஆறு: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். 1995இல் வெளியான, 221 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் நிகழ்ந்த கருத்தரிப்புகள் இந்த ஆறு நாள் உறவிலிருந்தே வந்தன. வாய்ப்பு ஐந்து நாள் முந்தி 10 வீதம், வெளிவரும் நாளில் 33 வீதம். மறுநாளிலிருந்து வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். உறவு கொள்ளும் நாளை வைத்து ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க முடியாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கைச் சொல்லி யாராவது நாட்களைத் தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

சுற்றுக்குச் சுற்று நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் முதல் பாதிதான். முட்டை வந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரைக்குமான பாதி பெரும்பாலானோருக்கு 12 முதல் 16 நாள். அதனால்தான் இந்தக் கணக்கை முன்னோக்கி எண்ணாமல், அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

முதல் வேலை: சரியாக எண்ணுவது

சொட்டுச் சொட்டாகக் கறை படும் நாளை விட்டுவிடுங்கள். பட் வைக்கும் அளவுக்கு இரத்தம் வரும் நாளே 1ஆம் நாள். அடுத்த மாதவிடாய்க்கு முந்திய நாளோடு அந்தச் சுற்று முடிகிறது. இப்படிக் குறைந்தது ஆறு சுற்றுகளின் நீளத்தை எழுதுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரை வழமையானது. ஒரு கிழமை வரை முன்பின்னாக வருவதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆறு சுற்று கையில் இருந்தால், மிகக் குறுகியதிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழியுங்கள். உதாரணமாக 27, 30, 28, 33, 29, 28 என்று வந்தால் 27இல் 18 போக 9, 33இல் 11 போக 22. அதாவது 9ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை எப்போதும் நடக்கலாம். இது இரண்டு கிழமை. கலண்டரால் இவ்வளவுதான் சொல்ல முடியும். போனில் உள்ள பீரியட் அப்புகளும் பழைய சுற்றுகளின் சராசரியைக் கொண்டுதான் ஒரு நாளுக்கு நிறம் தீட்டுகின்றன. அந்த நிறத்தை நம்பி மற்ற நாட்களை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. தேதி குறித்துவைக்க அப் நல்லது, அதன் ஊகத்தை ஊகமாகவே எடுங்கள்.

காசில்லாத அடையாளம்: திரவம்

எங்கள் பக்கத்தில் வெள்ளைபடுதல் என்றாலே நோய் என்று நினைத்து மருந்து தேடுவோர் பலர். மாதத்தின் நடுவில் வரும் தெளிந்த திரவம் நோயல்ல. கருத்தரிக்கக்கூடிய நாள் வந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்வது அதுதான். எந்தக் கருவியையும் வாங்க முடியாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

மாதவிடாய் நின்ற நாளிலிருந்து தினமும் சிறுநீர் கழிக்கப் போகும்போது, கழிப்பதற்கு முன் பிறப்புறுப்பின் வாயிலை வெள்ளை ரிசுவால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துப் பாருங்கள். ரிசுவில் இருப்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எடுத்து மெதுவாக இழுங்கள். உள்ளே விரல் விட்டுத் தேட வேண்டியதில்லை. நின்ற கையோடு சில நாள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒட்டும் தன்மையோடு கொஞ்சம் வரும், இழுத்தால் அறுந்துவிடும். அடுத்து பால் நிறத்தில், களிம்பு மாதிரி. கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுக்கலாக, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அறாமல் நீளும். நடக்கும்போதே ஈரமும் வழுக்கலும் தெரியும். இந்தத் தன்மை இருக்கும் கடைசி நாளே உச்ச நாள். முட்டை பெரும்பாலும் அந்த நாளிலோ அதற்கு ஒரு நாள் முன்பின்னாகவோ வெளிவரும். அது உச்ச நாள்தான் என்று மறுநாள் திரவம் காய்ந்த பிறகே தெரியும். எனவே உச்சத்தைக் காத்திருக்காமல், வழுக்கல் தொடங்கிய நாளிலிருந்தே சேருங்கள்.

இதில் குழப்பம் வரும் இடங்கள் உண்டு. உறவு கொண்ட மறுநாள் விந்துத் திரவம் கலந்திருக்கும், அன்று பார்த்ததைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள். தடிமனுக்கும் அரிப்புக்கும் குடிக்கும் பிரிற்றன் போன்ற குளிசைகள் திரவத்தைக் காயவைக்கலாம். வெண்மையாகத் திரள் திரளாக வந்து அரித்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பக்டீரியாத் தொற்று. பச்சை மஞ்சளாக வந்தாலோ அடிவயிறு நொந்து காய்ச்சல் அடித்தாலோ கணக்கை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். டெற்றோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது அடையாளத்தையும் அழிக்கும், தொற்றையும் கூட்டும்.

சிறுநீர் ஸ்ட்ரிப்

பாமசியில் ஓவியுலேஷன் ஸ்ட்ரிப் என்று கேளுங்கள். கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் பார்வைக்கு இதேபோல இருக்கும் என்பதால் பைக்கற்றில் எல்.எச். என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் மிகக் குறுகிய சுற்றிலிருந்து 17ஐக் கழித்து வரும் நாளில் தொடங்க வேண்டும். 28 என்றால் 11ஆம் நாள், மேலே சொன்ன உதாரணத்தில் 10ஆம் நாள்.

காலையில் முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள். எல்.எச். பெரும்பாலும் அதிகாலையில்தான் ஏறத் தொடங்கும், சிறுநீரில் தெரியச் சில மணித்தியாலம் எடுக்கும். காலை 10க்கும் இரவு 8க்கும் இடையில் உங்களுக்கு வசதியான ஒரு நேரத்தைத் தெரிந்து தினமும் அதே நேரம் பாருங்கள். முந்திய இரண்டு மணித்தியாலம் அதிகம் குடிக்காமலும் சிறுநீர் கழிக்காமலும் இருந்தால் நல்லது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கிறோம், குடிக்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் மாதிரி வெளுத்த சிறுநீரில் ஏற்றம் தெரியாமலே போகலாம். அந்தக் காலத்தில் சோதனையைக் காலை 10 மணிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த சுத்தமான கோப்பையில் சிறுநீரை எடுத்து, ஸ்ட்ரிப்பில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் அமிழ்த்தி, பைக்கற்றில் சொன்ன செக்கன் அளவு பிடித்துவிட்டு, சமமான இடத்தில் கிடத்துங்கள். 5 நிமிடத்தில் வாசியுங்கள். 10 நிமிடம் கடந்தபின் தெரியும் கோட்டுக்குப் பெறுமதி இல்லை. சோதனைக் கோடு, ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிடக் கடுமையாகவோ இருந்தால் மட்டுமே பொசிட்டிவ். மங்கலான இரண்டாவது கோடு நெகட்டிவ். கர்ப்ப ஸ்ட்ரிப்பில் மங்கல் கோடும் பொசிட்டிவ் என்பதால் இதையும் அப்படியே எடுத்து நாலு நாள் முந்தி முயற்சியை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. கோடு தினம் தினம் கடுமையாகிக்கொண்டு வந்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை பாருங்கள். சிலருக்கு ஏற்றம் சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும்.

பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக்கூடாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வருடத்தின் பெரும்பகுதி பகல் சூடு அதைத் தாண்டும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குள், தகரக் கூரையின் கீழ், குசினி அலுமாரியில் வைத்தவை கெட்டிருக்கலாம். வீட்டின் குளிர்ந்த அறையில் லாச்சிக்குள் வையுங்கள். மாரி காலத்தில் ஈரப்பதன் இன்னொரு எதிரி, உறையைப் பாவிக்கும் நிமிடத்தில்தான் கிழிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடே வராத ஸ்ட்ரிப் எதையும் சொல்லாது, எறிந்துவிட்டு வேறொன்றைப் பாவியுங்கள்.

பி.சி.ஓ.எஸ். (ஓமோன் குழப்பத்தால் முட்டை ஒழுங்காக வெளிவராத சூலக நிலை) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் உயர்ந்தே இருக்கலாம். கிழமைக்கணக்கில் பொசிட்டிவ் காட்டினால் முட்டை கிழமைக்கணக்கில் வருகிறது என்று பொருளல்ல, ஸ்ட்ரிப் உங்களுக்கு உதவவில்லை என்று பொருள். மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் இப்படி நடக்கும்.

காலைச் சூடு

முட்டை வெளிவந்த பின் உடம்புச் சூடு 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை கூடி அடுத்த மாதவிடாய் வரை அப்படியே இருக்கும். இந்த முறை நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். சூடு ஏறியபின் உறவு கொண்டால் பெரும்பாலும் பிந்திவிட்டது. பிறகு ஏன் பார்க்க வேண்டும்? முட்டை உண்மையில் வந்ததா, எந்த நாளில், அதன்பின் எத்தனை நாளில் மாதவிடாய் வருகிறது என்பதை வீட்டிலேயே இது காட்டும். எல்.எச். ஏறினாலும் முட்டை வராமல் போகும் மாதங்கள் உண்டு, அதை ஸ்ட்ரிப் காட்டாது.

தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மோமீற்றர் வேண்டும். கிடைக்காவிட்டால் பரனைற்றில் ஓர் இலக்கம் காட்டும் டிஜிட்டல் போதும், செல்சியசில் ஓர் இலக்கம் காட்டுவதைவிட அது நுட்பமானது. பரனைற்றில் ஏற்றம் 0.4 முதல் 0.9 வரை இருக்கும். தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். விழித்ததும் எழும்பாமல், கதைக்காமல், தண்ணீர் குடிக்காமல் நாக்கின் அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு முன் தொடர்ந்து மூன்று மணித்தியாலமாவது தூங்கியிருக்க வேண்டும். நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும், அரை மணித்தியாலம் முன்பின் பரவாயில்லை. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பும் வீடுகளில் அந்த முழு மாதமும் சஹர் நேரத்திலேயே எடுங்கள். பாதி நாள் 4 மணிக்கும் பாதி நாள் 6 மணிக்கும் எடுத்தால் கோடு குழம்பும். காய்ச்சல், பிள்ளை அழுது கெட்ட தூக்கம், இரவு வேலை ஆகிய நாட்களின் அளவை வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

வாசிக்கும் விதி இதுதான்: தொடர்ந்து மூன்று நாள் சூடு, அதற்கு முந்திய ஆறு நாளின் எல்லா அளவுகளையும்விடக் கூடுதலாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள், அந்த ஆறில் கூடியதைவிட 0.2 பாகையாவது கூடியிருக்க வேண்டும். கலண்டர் உதாரணத்தில் சொன்ன சுற்றுகள் உள்ள பெண்ணுக்கு 11 முதல் 16ஆம் நாள் வரை 36.35, 36.40, 36.30, 36.40, 36.35, 36.40 என்றும், 17ஆம் நாளிலிருந்து 36.60, 36.65, 36.70 என்றும் வந்தால் ஏற்றம் உறுதி. ஸ்ட்ரிப் 15ஆம் நாள் பொசிட்டிவ், வழுக்கல் 16ஆம் நாளோடு முடிவு என்றால் மூன்றும் ஒத்துப்போகின்றன, முட்டை 16ஆம் நாளை ஒட்டி வெளிவந்திருக்கிறது. கலண்டர் தந்த இரண்டு கிழமை இப்போது ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. அடுத்த மாதவிடாய் 28க்கும் 32க்கும் இடையில். சூடு இறங்காமல் 18 நாள் நின்றால் கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை எடுங்கள்.

மாதத்தின் நடுவில் ஒரு பக்க அடிவயிறு குத்துவது, ஒரு சொட்டுக் கறை, மார்பு நோவு எல்லாம் சிலருக்கு வரும். எழுதி வையுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

கணக்கில் சேர்க்கக்கூடாத மாதங்கள்

கோவில் திருவிழா, கதிர்காமப் பாத யாத்திரை, உம்ரா, கல்யாண வீடு என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நொரெதிஸ்தரோன் குளிசை குடிப்பது எங்கள் பகுதியில் சாதாரணம். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும். அந்த நாளை 1ஆம் நாளாக எடுக்கலாம், ஆனால் குளிசை குடித்த சுற்றின் நீளத்தைக் கழித்தல் கணக்கில் போட்டால் மிக நீண்ட சுற்று என்ற இடத்தில் பொய் எண் உட்கார்ந்துவிடும். பிள்ளைக்கு முயற்சிக்கும் மாதத்தில் டொக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கவே வேண்டாம்.

பிள்ளை தங்காமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசி போட்டவர்களுக்குக் கடைசி ஊசியின் மூன்று மாதம் முடிந்த பிறகும் முட்டை வரத் தொடங்க ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் எடுக்கும். ஊசி கருப்பையைப் பழுதாக்கிவிட்டது என்று ஊரில் பேசுவதைக் கேட்டுக் கலங்காதீர்கள், அது பிந்தித்தான் வரும், வராமல் போகாது. கருப்பைக்குள் வைத்த லூப்பை எடுத்தவர்களுக்கும் கையில் வைத்த குச்சியை எடுத்தவர்களுக்கும் இவ்வளவு காத்திருப்பு இல்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளிவரலாம். முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் வகையைத் தொடர்ந்து குடித்தால் முட்டைப் பை வெடிப்பது தடைப்படலாம். பரசிற்றமோல் போதுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

எந்த நாட்களில் சேர்வது

வழுக்கல் தொடங்கிய நாளிலிருந்து சூடு ஏறும் வரை நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள். ஸ்ட்ரிப் பொசிட்டிவான நாளும் மறுநாளும் தவறவிடக்கூடாதவை. அடையாளம் பார்ப்பதே பாரமாகத் தோன்றினால் மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும், ஆறு நாளில் குறைந்தது இரண்டு நாள் அகப்படும். விந்தைச் சேமித்துவைக்க வேண்டும் என்று பத்து நாள் விலகியிருப்பதால் நன்மை இல்லை.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடியில் தங்கும் கணவர், ஆழ்கடலுக்குப் போய்க் கிழமைகளுக்குப் பின் கரைக்கு வருபவர், கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வருபவர் எனப் பல வீடுகளில் பிரச்சினை முட்டையில் இல்லை, நாட்களில் இருக்கிறது. லீவுத் தேதி தெரியுமென்றால் அதற்கு நாலைந்து மாதம் முந்தியே திரவத்தையும் சூட்டையும் எழுதத் தொடங்குங்கள். ரிக்கற் போடும்போது மாதவிடாய் முடியும் கிழமையில் வந்து இறங்கும்படி போட்டால் அந்த லீவில் ஒரு முழு வாய்ப்பு கிடைக்கும். கண்ணகி அம்மன் சடங்கு, கந்தசஷ்டி என்று விரத நாட்களில் விலகியிருக்கும் வீடுகளில், அந்த நாட்கள் ஆறு நாளோடு மோதுகிறதா என்று கலண்டரில் பாருங்கள். மோதினால் அந்த மாதத்தை முயற்சி செய்த மாதமாக எண்ணி மனம் உடையாதீர்கள்.

பிள்ளை வேண்டாம் என்று இந்தக் கணக்கைப் பாவிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஸ்ட்ரிப் ஒன்றிரண்டு நாள்தான் முந்திச் சொல்லும், விந்தணுவோ ஐந்து நாள் இருக்கும். ஆகவே ஸ்ட்ரிப் இதற்கு ஆகாது. நாள் கணிக்கும் முறைகளை நம்புபவர்களில், முறையைப் பொறுத்து, வருடத்துக்கு நூற்றுக்கு 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். தற்போது பிள்ளை வேண்டவே வேண்டாம் என்றால் கிளினிக்கில் வேறு முறை கேளுங்கள்.

யாரிடம், எப்போது

ஊரில் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவதற்குக் கர்ப்பமாகும் வரை காத்திருக்க வேண்டாம். முயற்சி தொடங்கும்போதே போனால் போலிக் அமிலக் குளிசை பற்றியும் றுபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்றும் பேசிக்கொள்ளலாம். போலிக் அமிலம் தினமும் 400 மைக்கிரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தேவை.

35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால், 35 கடந்தவர்கள் ஆறு மாதத்தில், 40 கடந்தவர்கள் உடனேயே வி.ஓ.ஜி. டொக்டரை (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரை) பார்க்க வேண்டும். சுற்று 21 நாளுக்குக் குறைவாகவோ 38க்கு மேலாகவோ திரும்பத் திரும்ப வந்தால், மூன்று மாதம் வராமலே இருந்தால், சூடு ஏறி 10 நாளுக்குள் மாதவிடாய் வந்துகொண்டிருந்தால் வயதைப் பாராமல் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் பெண்நோயியல் பிரிவு உண்டு.

போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். புரொஜெஸ்தரோன் இரத்தப் பரிசோதனையை 21ஆம் நாள் எடுக்கச் சொல்வது 28 நாள் சுற்றுக்காகத்தான். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முந்தி எடுப்பதே விதி, 35 நாள் சுற்று உள்ளவருக்கு அது 28ஆம் நாள். இதைச் சொல்லாமல் 21இல் எடுத்துவிட்டு முட்டை வரவில்லை என்ற ரிப்போர்ட்டோடு அழுதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சுற்றின் நீளத்தை நீங்களே டொக்டரிடம் சொல்லுங்கள்.

கணவரும் அதே நாளில் கூட வரவேண்டும். பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை பெண்ணுக்குச் செய்யும் எந்தப் பரிசோதனையையும்விட எளிதானது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்து கொடுக்க வேண்டும். முந்திய மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும் என்பதால், டெங்கு வந்து எழும்பியவர் அதை டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தேதி எடுப்பது நல்லது.